பதினான்காம் எண் வீட்டின் சம்மதம்

வாகைநல்லூருக்குப் புறவழிச்சாலை வரப்போகிறது என்ற பேச்சுக்கு வயது முப்பத்திரண்டு. அந்தப் பேச்சு பிறந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் அது புதுச்சட்டை போட்டுக்கொண்டு வரும், ஓட்டு எண்ணி முடிந்ததும் போய்விடும். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் மட்டும் எந்தத் தேர்தலையும் சட்டை செய்யாமல் ஊருக்கு நடுவே பஜார் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. பஜாரில் பாத்திரக்கடைக்கும் பழைய சினிமாக் கொட்டகைக்கும் இடையில் சாலை முழங்கை மாதிரி மடங்கும். அந்த வளைவில் வருஷத்துக்கு இரண்டு பேராவது அடிபட்டுச் செத்தார்கள். ஊர் அதற்குப் பழகிவிட்டது என்று சொன்னால் அநியாயம். பழகாமல் இருந்து என்ன செய்வது என்று ஊருக்குத் தெரியவில்லை.

பேரூராட்சி மூன்று தடவை கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்திப் பார்த்தது. முதல் கூட்டத்தில் நாற்காலிகள் பறந்தன. இரண்டாவது கூட்டத்தில் கருத்துச் சொல்ல வந்தவர்களைவிடப் பிரியாணிப் பொட்டலத்துக்கு வந்தவர்கள் அதிகம். மூன்றாவது கூட்டத்துக்கு மழை மட்டும் வந்தது. மூன்றுக்கும் பந்தல் போட்டவர் பந்தல்காரர் தவசிமுத்து. அந்தச் சாலையால் இதுவரை ஊரில் பிழைத்தது அவர் ஒருவர்தான் என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தத் தவசிமுத்து ஏழு வருஷத்துக்கு முன்னால் அதே வளைவில் லாரியில் அடிபட்டு இறந்துபோனார்.

இரண்டாயிரத்து நாற்பத்தொன்றாம் வருஷம் நான்காவது கருத்துக் கேட்பு வந்தது. இந்தத் தடவை பந்தல், நாற்காலி, பிரியாணி எதுவும் கிடையாது. ஏனென்றால் கருத்துச் சொல்ல மனிதர்களே வரவேண்டியதில்லை.

சென்னையிலிருந்து வந்திருந்த ருக்சானா என்ற இளம் பொறியாளர் பேரூராட்சிக் கூட்ட அறையில் அதை விளக்கினாள். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து செண்பகவல்லி குறிப்பு எடுத்தாள். நாற்பத்தாறு வயது. தவசிமுத்துவின் மனைவி. மகளிர் குழு மூலமாக அலுவலகத்தில் தற்காலிக வேலை. இயந்திரம் எழுதித் தருகிற பட்டியல்களையும் அறிவிப்புகளையும் படித்துப் பார்த்து, அச்செடுத்து, வாசல் பலகையில் ஒட்டுவாள்.

“ஊர்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு நகல் செஞ்சிருக்கோம்” என்றாள் ருக்சானா. “பத்து வருஷமா அவங்க செல்போன் எங்கெல்லாம் போச்சு, என்ன வாங்கினாங்க, என்ன மனு போட்டாங்க, எப்படிப் பேசினாங்க, எல்லாத்தையும் வச்சு அவங்களை மாதிரியே யோசிக்கற ஒரு ஆள். அவங்க குரல்லயே பேசும். நிஜ ஆள் என்ன பதில் சொல்வாரோ அதையே சொல்லும்.”

“பொய் சொல்லுமா?” என்று கேட்டார் தலைவர் ஞானதிரவியம்.

“சொல்லாது சார்.”

“அப்ப அது எங்க ஊரு ஆளு இல்ல.”

அறை முழுக்கச் சிரித்தது. செண்பகவல்லியும் சிரித்தாள். பிறகு சட்டம் என்ன சொல்கிறது என்று ருக்சானா வாசித்தாள். சாலைக்கு இரண்டு வழிகள் உண்டு. மேற்கு வழி கண்மாய்க் கரையோடு போகிறது. அதற்கு அனுமதி வாங்கவே நான்கு வருஷம் ஆகும். கிழக்கு வழி தீப்பெட்டி காலனி வழியாகப் போகிறது. இருபத்து மூன்று வீடுகளை எடுக்கவேண்டும். அந்த வீடுகளில் பாதிக்கு மேல் சம்மதித்தால் உடனே வேலையை ஆரம்பிக்கலாம். செண்பகவல்லியின் வீடு தீப்பெட்டி காலனியில் பதினான்காம் எண்.

அவளுக்கு அப்போது பயம் வரவில்லை. யாராவது வந்து கேட்பார்கள், கேட்கும்போது யோசித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பஜார் வளைவுக்கு லாரி வரக்கூடாது என்று ஊரிலேயே அதிகமாக ஆசைப்பட்டவள் அவள். ஏழு வருஷமாக அந்த வளைவைப் பற்றி மனு மேல் மனுவாகப் போட்டு வருகிறவள். அதே சமயம் அந்த வீட்டைத் தவசிமுத்து ஒவ்வொரு கல்யாணப் பந்தலுக்கும் ஒரு வரிசைச் செங்கல் என்று கட்டி எழுப்பியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவளும் அவள்தான். இரண்டில் எது பெரிது என்று அவளுக்கே தெரியாது.

ஒன்பது நாள் கழித்து முடிவு வந்தது. ஊரில் நூற்றுக்கு எழுபத்தொரு பேருக்குப் புறவழிச்சாலை வேண்டும். காலனியில் இருபத்து மூன்று வீடுகளில் பன்னிரண்டு சம்மதம், பதினொன்று மறுப்பு. தலைவர் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். செண்பகவல்லி லட்டை மேஜையில் வைத்துவிட்டுப் பலகையில் ஒட்டவேண்டிய பட்டியலைப் படிக்க ஆரம்பித்தாள். கேட்காமலே முடிவு வந்துவிட்டதே, நம் வீட்டுக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பதினான்காம் வரிக்குப் போனாள்.

‘14. தவசிமுத்து. பந்தல் தொழில். சம்மதம்.’

முதலில் அவளுக்கு அலுவலகக் கோபம்தான் வந்தது. என்ன லட்சணத்தில் பட்டியல் எடுத்திருக்கிறார்கள் என்று சிவப்புப் பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். ஆனால் பேனா அந்த வரிக்கு மேல் நின்றது. ஏழு வருஷமாக அவர் எந்தக் காரியமும் செய்ததாக அவள் எங்கும் படித்ததில்லை. இப்போது சம்மதித்திருக்கிறார். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

பிழை எங்கே நடந்திருக்கும் என்பது அவளுக்குக் கொஞ்சம் புரிந்தது. காலனியில் யாருக்கும் அது பிழையாகவே தோன்றாது. வீட்டில் இரண்டு செல்போன் இருந்தாலும் இரண்டு எண்ணும் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும். தவசிமுத்து தனக்கு ஒன்றும் அவளுக்கு ஒன்றும் தன் பெயரிலேயே வாங்கியிருந்தார். அவளுக்குக் கொடுத்தது சின்னப் பட்டன் போன். அதில் அவளைக் கூப்பிடுகிற ஆள் அவர் ஒருவர்தான். பந்தல் போடுகிற இடத்திலிருந்து ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கூப்பிடுவார். கயிறு எங்கே, சாமியானா எங்கே என்று ஏதாவது கேட்பார். பேசி முடித்ததும் தானாக வைக்கமாட்டார். “வச்சிரட்டா?” என்பார். “வைங்க” என்று அவள் சொன்ன பிறகுதான் வைப்பார்.

அவர் இறந்த அன்று காலை பதினொரு மணிக்குக்கூடக் கூப்பிட்டார். நனைந்த பந்தல் துணி காய்ந்துவிட்டதா என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றாள். “சரி, வச்சிரட்டா?” என்றார். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியது. அவள் போனை அப்படியே அலமாரியில் போட்டுவிட்டு ஓடினாள். மதியம் ஒன்றரை மணிக்கு மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ பேசினார்கள்.

அதற்குப் பிறகு பட்டன் போனுக்கு அவள் ரீசார்ஜ் செய்யவில்லை. அந்த எண்ணில் கூப்பிட வேறு ஆள் இல்லை. அவருடைய எண்ணை மட்டும் எண்பத்து நாலு நாளுக்கு ஒருமுறை தவறாமல் உயிர்ப்பித்து வந்தாள். கேஸ் சிலிண்டர், கரண்ட் பில், ரேஷன், பேங்க் எல்லாம் அந்த எண்ணில்தான் இருந்தன. பந்தல் கேட்டும் அதில்தான் கூப்பிட்டார்கள். அவரோடு வேலை பார்த்த இசக்கிராஜிடம் அவள் அந்த வேலைகளைச் சொல்லி அனுப்புவாள். வளைவைப் பற்றிய மனுக்களும் அந்த எண்ணிலிருந்துதான் போயின. ஒவ்வொரு மனுவின் அடியிலும் ‘இப்படிக்கு, தவசிமுத்து’ என்று தானாகவே விழும். அதை அவள் ஒருநாளும் மாற்ற முயன்றதில்லை. பார்க்கக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

மதிய இடைவேளையில் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அவள் மாடியில் ருக்சானாவிடம் பட்டியலைக் கொண்டுபோனாள். பதினான்காம் வரியைக் காட்டி, இவர் என் வீட்டுக்காரர், இறந்து ஏழு வருஷம் ஆகிறது என்றாள். ருக்சானா சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுத் திரையைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

“அக்கா, உங்க பேரு செண்பகவல்லியா?”

“ஆமா.”

“நகல்களோட கணக்குப்படி அந்த வீட்டுல செத்தது நீங்க.”

செண்பகவல்லி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ருக்சானா மெதுவாகச் சொன்னாள். மாவட்ட ஆஸ்பத்திரியில் நடந்த சாவு அங்கேதான் பதிவானது. இந்த ஊருக்கு வந்தது ஒரு தகவல் சீட்டு: பதினான்காம் எண் வீட்டில் ஒரு மரணம். யாருடைய மரணம் என்று அதில் இல்லை. அதே மாதம் அந்த வீட்டில் ஒரு செல்போன் மௌனமானது. பகலெல்லாம் வீட்டிலேயே இருந்த போன். இன்னொன்று தினமும் நடமாடியது, பந்தலுக்கு ஆள் பேசியது, கரண்ட் பில் கட்டியது, மனுப் போட்டது.

“செத்தவங்க போன்தானே நிக்கும். அது அப்படித்தான் முடிவு பண்ணியிருக்கு. மனுவுல எல்லாம் ‘என் குடும்பத்தில் ஓர் உயிர் போன இடம்’னு இருக்கு. கீழ அவர் பேரு.”

“வாக்காளர் பட்டியல்ல என் பேரு இருக்கே. போன தேர்தலுக்கு ஓட்டுப் போட்டேம்லா.”

“இருக்கு. ஆனா அந்தப் பட்டியல்ல செத்தவங்க இருக்கறதும் ஓட்டுப் போடறதும் சகஜம்னு அது கத்துக்கிச்சு” என்று சொல்லிவிட்டு ருக்சானா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிக்கிற நேரம் இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது.

அவர் ஏன் சம்மதித்தார் என்று கேட்க முடியுமா என்றாள் செண்பகவல்லி. கேட்கலாம், ஆனால் பேசுவது யார் என்று நகலுக்குத் தெரியாது. கேள்வி மட்டும்தான் அதற்குப் போகும் என்றாள் ருக்சானா. பிறகு, வேண்டுமானால் இன்னொரு நாள் கேட்கலாமே என்றும் சொல்லிப் பார்த்தாள். செண்பகவல்லி தலையசைக்கவில்லை. ருக்சானா விரலால் திரையைத் தொட்டாள்.

தவசிமுத்துவின் குரல் வந்தது. பந்தல் கம்பின் மேல் உட்கார்ந்துகொண்டு கீழே நிற்கிறவர்களிடம் பேசிப் பழகிய, கொஞ்சம் உரத்த குரல்.

“பஜாரு வளைவுல லாரி வரக்கூடாதுங்க. செண்பகம் போன எடம் அது. ஒரு நாளைக்கு நாலு தடவ அந்த வழியாப் போறேன். நாலு தடவையும் அந்தப் பக்கம் பாக்காமத்தான் போறேன். இன்னொரு வீட்டுலயும் இது நடக்கணுமா? என் வீட்ட எடுத்துக்கிடுங்க. அவ இல்லாத வீட்டுல செவத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?”

பிறகு, “வேற ஒண்ணும் இல்லைல்லா? வச்சிரட்டா?” என்றது.

ருக்சானா செண்பகவல்லியைப் பார்த்தாள். செண்பகவல்லி எழுந்து படியிறங்கிப் போய்விட்டாள்.

அலுவலகத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியடியில் நின்று நன்றாக அழுதாள். அந்த மனுஷன் பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியதில் ஒருநாள்கூட இப்படிப் பேசியதில்லை. சாம்பார் நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வார், அவ்வளவுதான் அவர் பாராட்டு. இத்தனை ஆசையை இதுநாள் வரை எங்கே வைத்திருந்தார்? அப்புறம் அவளுக்கே உறைத்தது. அது அவருடைய ஆசை இல்லை. நாலு தடவை அந்த வளைவைப் பார்க்காமல் போகிறவள் அவள். அங்கே வந்தாலே அவளுடைய நடை வேகமாகிவிடும். எங்கே போனாலும் கூடவே வருகிற அவருடைய போன் அதைக்கூடக் குறித்து வைத்திருக்கிறது. சுவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று ஒவ்வொரு நாளும் நினைப்பவளும் அவள்தான். அவளுடைய துக்கத்தை எடுத்து அவர் வாயில் வைத்துப் பேசவிட்டிருக்கிறார்கள். இது தெரிந்த பிறகும் அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்கவேண்டும்போல்தான் இருந்தது.

விஷயம் சாயங்காலத்துக்குள் தலைவருக்குப் போய்விட்டது. ஞானதிரவியம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய மைத்துனர் போனதும் அதே வளைவில்தான். பட்டியலில் ஒரு பெயரை எடுத்தால் பதினொன்றுக்குப் பதினொன்று ஆகிவிடும், பாதிக்கு மேல் என்ற கணக்குத் தட்டிப்போகும், கிழக்கு வழி அடைபட்டு மேற்கு வழிக்குப் போனால் நாலு வருஷம், நாலு வருஷத்துக்கு எட்டு உயிர் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

“தவசி இருந்திருந்தாலும் சரின்னுதானே தாயி சொல்லியிருப்பான். நீயும் அதத்தானே இத்தன வருஷமாக் கேட்டே. அந்தப் பேரு அப்படியே இருந்துட்டுப் போட்டும். யாருக்கு என்ன நட்டம்?”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. நாளைக்குச் சொல்கிறேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் வளைவு வந்தது. அன்று அவள் நின்று பார்த்தாள். பாத்திரக்கடை வாசலில் குடங்களை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு லாரிகளுக்கு இடையில் வரிசையாகக் கடந்தார்கள். ஏழு வருஷத்தில் அந்த இடத்தை அவள் நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கறை, அடையாளம் எதுவும் இல்லை. வெறும் தார்தான்.

காலனியில் அன்று யார் முகத்திலும் களை இல்லை. பலகையில் பட்டியல் ஒட்டாவிட்டாலும் செய்தி வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் வாசலில் உட்கார்ந்து, எங்க வீட்டுக்கும் சம்மதம்னு எழுதியிருக்காமே, நான் எப்பச் சொன்னேன், என்கிட்ட ஒரு ஈ காக்கா வந்து கேக்கலையே என்று புலம்பிக்கொண்டிருந்தாள். பேச்சித்தாயின் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய் ஐந்து வருஷம் ஆகிறது. அவருடைய செல்போன் அவள் மடியில்தான் இருந்தது. பேரனுக்கு அதில் ஏதோ பாட்டு வைத்துக் கொடுத்திருந்தாள்.

செண்பகவல்லி அந்த செல்போனைப் பார்த்தாள். அப்புறம் எதிர் வரிசையைப் பார்த்தாள். முனியம்மா, கோமு, அன்னக்கிளி. யார் யார் வீட்டில் யாருடைய எண் உயிரோடு இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். தன் வீடு ஒன்று மட்டும்தான் என்றால் தலைவர் சொன்னபடி விட்டுவிடலாமோ என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். இனி அப்படி விட முடியாது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்து, கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து அவருடைய இறப்புச் சான்றிதழை எடுத்து வைத்தாள்.

காலையில் அதை ருக்சானாவின் மேஜையில் விரித்தாள்.

ருக்சானா ராத்திரி தூங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அவளாகவே தேடிப் பார்த்திருக்கிறாள். இருபத்து மூன்று வீடுகளில் ஆறு வீடுகளில் பதில் சொன்ன ஆள் உயிரோடு இல்லை. ஆறு வீடுகளிலும் பெண்கள் இருக்கிறார்கள். ஆறு பேரும் நகல்களின் ஊரில் இல்லை. ஊர் முழுக்கத் தேடினால் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது என்றாள். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள்.

“திருத்தறது சுலபம்க்கா. அந்த ஏழு வருஷத் தகவல் எல்லாம் உங்களோடதுதான். உங்க பேருக்கு மாத்திட்டா உங்க நகல் வந்துடும். ஆனா பதில் மாறாது. நேத்து சோதிச்சுப் பாத்தேன். ‘அவுக போன எடம் அது, வீட்ட எடுத்துக்கிடுங்க’ன்னு உங்க குரல்ல சொல்லுது.”

செண்பகவல்லிக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. தன்னைக் கேட்காமலே தன் குரல் பேசிவிட்டு வந்திருக்கிறது.

“எனக்கு நகலு வேண்டாம் பாப்பா” என்றாள். “உயிரோட நாந்தான் இருக்கேம்லா. என்னையக் கேளுங்க. பேச்சித்தாயக் கேளுங்க. ஆறு பேரு வாரோம். ஆறு நாக்காலி போட எடம் இருக்குமா?”

நகல் இல்லாத குடியிருப்போரை நேரில் விசாரிக்கலாம் என்று சட்டத்தின் ஒன்பதாம் பிரிவில் ஒரு வரி இருந்தது. ஊருக்குப் புதிதாகக் குடி வந்தவர்களுக்காக எழுதப்பட்ட வரி அது. ருக்சானா அதைத் தலைவரிடம் கொண்டுபோனாள். தலைவர் சான்றிதழைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், பிறகு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வரச்சொல்லுங்கள் என்றார். தெரியாமல் இருந்தவரைக்கும் சரி, தெரிந்த பிறகு செத்தவன் சம்மதத்தில் ரோடு போட்டால் நன்றாகவா இருக்கும் என்று அவராகவே முணுமுணுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆறு பேரும் வந்தார்கள். நல்ல புடவை கட்டியிருந்தார்கள். ருக்சானா, சம்மதமா மறுப்பா என்று ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும் என்றாள். யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. பேச்சித்தாய், சாலை எவ்வளவு உயரத்தில் வரும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டாள். கோமு, மாற்று இடம் எங்கே தருவீர்கள், ஆளுக்கொரு மூலையிலா, ஒரே வரிசையிலா என்று கேட்டாள். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போக ரோட்டைக் கடக்கவேண்டுமா என்று முனியம்மா கேட்டாள். ஊரின் பதினெட்டாயிரம் நகல்களும் ஒன்பது நாளில் கேட்காத கேள்விகளை ஆறு பெண்கள் முக்கால் மணி நேரத்தில் கேட்டார்கள். தலைவர் இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். பதில் தெரியாததை எல்லாம் எழுதிக்கொண்டார்.

கடைசியாகச் செண்பகவல்லி பேசினாள். இருபத்து மூன்று வீட்டுக்கும் ஒரே வரிசையில் இடம் வேண்டும், பள்ளிக்கூடம் இருக்கிற பக்கத்திலேயே வேண்டும், புதுவீடு கட்டிக் குடியேறும் வரை பழைய வீட்டில் கைவைக்கக் கூடாது என்றாள்.

“இன்னொண்ணு அண்ணாச்சி. ரோடு வார வரைக்கும் காலையில பள்ளிக்கூடம் போற நேரமும் சாயங்காலம் விடுற நேரமும் பஜாருக்குள்ள லாரி வரக்கூடாது. திங்கக்கெழமையில இருந்து. கலெக்டருக்கு நீங்க ஒரு கடுதாசி எழுதினாப் போதும்னு எனக்குத் தெரியும். அறுபத்தோரு மனுப் போட்டேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல. இப்ப நேர்ல கேக்கேன்.”

தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அறுபத்தொன்றும் அவர் மேஜை வழியாகத்தான் போயிருந்தன. அங்கேயே கடிதம் எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, அதை அவளிடமே கொடுத்து அனுப்பச் சொன்னார். மற்ற நிபந்தனைகளையும் தீர்மானத்தில் வரி வரியாகச் சேர்த்தார்கள். அதைப் படித்துப் பார்த்த பிறகு செண்பகவல்லி சம்மதம் என்று கையெழுத்துப் போட்டாள். மூன்று பேர் அவளைப் போலவே போட்டார்கள். பேச்சித்தாயும் அன்னக்கிளியும் மறுத்துவிட்டார்கள். மறுத்ததும் அப்படியே எழுதப்பட்டது. உயிரோடு இருந்த பதினேழு வீட்டுக்காரர்களில் ஒன்பது பேர் சம்மதித்திருந்தார்கள். நாலைச் சேர்த்துப் பதின்மூன்று.

எல்லாரும் போன பிறகு ருக்சானா ஆதங்கத்தோடு சொன்னாள்:

“கடைசியில நகல் சொன்ன பதிலையேதான் நீங்களும் சொன்னீங்க, இல்லக்கா?”

“பதிலு அதான். ஆனா அது ஒண்ணும் கேக்காமக் குடுத்துட்டுல்லா. அவுகளும் அப்படித்தான். கடையில சொன்ன வெலையக் குடுத்துட்டு வந்துருவாக. பேரம் பேசுறதெல்லாம் நாந்தான்.”

ஆறு நகல்களையும் அன்றே நீக்கியாகவேண்டும். ஐந்தை நீக்கிவிட்டு ருக்சானா கையை எடுத்துக்கொண்டாள். இந்த ஒன்றை ஒரு வாரம் வைத்திருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள் என்றாள். செண்பகவல்லி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாரம் என்பது பிறகு ஒரு மாதமாகும், மாதம் வருஷமாகும், எண்பத்து நாலு நாளுக்கு ஒருமுறை உயிர்ப்பித்துக்கொண்டே இருக்கத் தனக்கு எவ்வளவு நன்றாக வரும் என்று அவளுக்குத் தெரியும். பேசவேண்டும் என்று மட்டும் சைகை காட்டினாள். ருக்சானா திரையைத் தொட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

“சொல்லுங்க” என்றது தவசிமுத்துவின் குரல்.

“பந்தல் துணி காஞ்சிட்டு” என்றாள் செண்பகவல்லி. “மடிச்சு வச்சிட்டேன்.”

“காஞ்சிட்டா? சரி, சரி.” குரலில் ஒரு நிம்மதி இருந்தது. “வேற ஒண்ணும் இல்லைல்லா? வச்சிரட்டா?”

அடுப்பில் எதுவும் பொங்கவில்லை. எங்கும் ஓடவேண்டியதில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“வைங்க” என்றாள்.